உப்புக்காற்றும் பழைய தகடும்

புதிய காரின் தகடும் பெயின்டும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வண்டிக் கம்பெனிகள் ஒரு மூடிய பெட்டியை வைத்திருக்கின்றன. உள்ளே 35 டிகிரி செல்சியஸ் வெப்பம். நூற்றுக்கு 5 பங்கு உப்பு கரைத்த நீரைப் பனிமூட்டம் போலப் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். சில நூறு மணி நேரம் கழித்துத் தகட்டை வெளியே எடுத்து, துரு எங்கே கிளம்பியது, பெயின்ட் எங்கே உப்பியது என்று குறிப்பார்கள். 1939-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட இந்தச் சோதனை இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. மரக்காணத்தில் ஒரு காரைக் கொட்டகையில் நிறுத்தி வைத்தால் போதும். அதே சோதனையைக் காற்று செலவில்லாமல் நடத்திக்கொடுக்கும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வந்தால் மரக்காணம்; இருபுறமும் உப்புப் பாத்திகள் விரிகின்றன. தூத்துக்குடி, வேதாரண்யம் போலத் தமிழ்நாட்டின் உப்பு விளையும் கரைகளில் இதுவும் ஒன்று. தை, மாசியில் பாத்தி மிதிக்கத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை வேலை நடக்கும். பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி இங்கேதான் முடிகிறது. ஒரு காலத்தில் இந்த உப்பு படகில் சென்னைக்குப் போனது. இன்று லாரியில் போகிறது. உப்பு ஏற்றும் லாரியின் பின்பாடியை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குக் கட்டுரையின் மீதி எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டியதில்லை. தகடு இலைபோல அடுக்கடுக்காக உரிந்து நிற்கும்.

பழைய வண்டிகளை வாங்கி, பழுது பார்த்து, ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளும் ஆசை உலகெங்கும் உண்டு. அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எஞ்சினிலும் பளபளப்பிலும் விலையிலும் நின்றுவிடுகிறது. கடற்கரையில் வாழும் தமிழர்களுக்கு உண்மையான கேள்வி வேறு. எஞ்சினை எப்போதும் திறந்து சரிசெய்யலாம். தேய்ந்த பாகத்தை லேத்தில் கடைந்து போடலாம். கரைந்துபோன தகட்டை என்ன செய்வது? எவ்வளவு தகட்டை மாற்றினாலும் அது அதே வண்டிதானா? மாற்றியபின் அதைச் சட்டம் ஏற்குமா?

முதலில் உப்பு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு அதற்கு வேகம் கூட்டுகிறது. உப்பு கரைந்த ஈரம் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் தகட்டின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அரிப்பு தடையின்றி ஓடுகிறது. அதிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் இயல்பாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தையும் குலைக்கிறது. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசியும். கடற்கரையில் இரவும் விடியலும் அந்த அளவைத் தாண்டுவது அன்றாடம் நடப்பது.

உப்பளத்தில் இன்னொன்றும் உண்டு. பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட, அதன் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவில் 25 டிகிரி வந்ததும் உப்பு பூக்கும். 29, 30 டிகிரியைத் தாண்டினால் உப்பெடுத்தது போக மிஞ்சுவது கசப்பு நீர். அதில் மக்னீசியம் குளோரைடு மிகுதி. காற்றின் ஈரப்பதம் சுமார் 33 சதவீதம் இருந்தாலே அது நீரை இழுத்துவிடும். ஆகவே சித்திரை மதியத்தில் கை வைத்தால் காய்ந்திருப்பதாகத் தோன்றும் சேஸ் கூட, மக்னீசிய உப்பு படிந்த இடத்தில் காய்வதே இல்லை. கடலோர ஊர் எல்லாவற்றுக்கும் துரு பொது. உப்பளத்துச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கு மேலும் ஒரு பங்கு.

இந்தச் சங்கதியை நாட்டளவில் அளந்து பார்த்தவர்களும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். உலோகத் தகடுகளை நாட்டின் பல ஊர்களில் திறந்தவெளியில் வைத்து, ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்று எடைபோட்டு, இந்தியாவின் அரிப்பு வரைபடத்தை அது தயாரித்தது. மண்டபத்தில் கடலோரச் சோதனை நிலையமும் வைத்திருக்கிறது. ராஜஸ்தான் அரண்மனைக் கொட்டகைகளில் 1930-களின் கார்கள் முழுசாகக் கிடைத்ததற்கும், சோழமண்டலக் கரையில் 1970-களின் வண்டி கூட அரிதாக மிஞ்சுவதற்கும் மகாராஜாக்களின் செல்வத்தை மட்டும் காரணம் காட்டுவது போதாது. பாலைவனக் காற்றுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

வேடிக்கை என்னவென்றால், சுதந்திரத்துக்குப் பின் தென்னாட்டில் பிறந்த வண்டிகள் இதே கரையை ஒட்டித்தான் பிறந்தன. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோத்து வெளியே அனுப்பியது. எண்ணூரும் உப்பளக் கரைதான். 1955-ல் அது அசோக் லேலண்டாக மாறி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் முதலில் வேன்கார்டையும், பிறகு ஸ்டாண்டர்டு டென்னையும், 1961-லிருந்து ஹெரால்டையும் செய்தது. 1968-ல் அங்கே வந்த நான்கு கதவு ஹெரால்டு வேறெந்த நாட்டிலும் செய்யப்படவில்லை. பிரிட்டனில் பிறந்த அந்தக் காருக்கு நான்கு கதவு வைத்தது சென்னைத் தொழிற்சாலை மட்டுமே. 1970-களில் கெசல் வந்தது. கடைசியாக 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 விலைபோகாமல், சில ஆண்டுகளில் கார் தயாரிப்பே நின்றது.

அந்தத் தொழிற்சாலையின் கார்களைப் பற்றி எழுதுபவர்கள் அதன் வேனைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1958-ல் வந்த ஸ்டாண்டர்டு அட்லஸ் வேன், 1960-களின் கடைசியில் அங்கே நிறுத்தப்பட்டதும் அச்சுகளும் கருவிகளும் சென்னைக்கு வந்தன. ஸ்டாண்டர்டு 20 என்ற பெயரில் அது இங்கே மறுபிறவி எடுத்தது. ஓட்டுநர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்காரும், மூக்கே இல்லாத அந்த வேனைத் தமிழ்நாட்டில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பலர் பள்ளிக்கூட வாசலிலோ, ஆஸ்பத்திரி முகப்பிலோ, சரக்கு இறங்கும் சந்திலோ பார்த்திருப்பார்கள். பூனாவில் பஜாஜ் டெம்போ செய்த மட்டடாரும் அதே வேலையைச் செய்தது. கல்யாண வீட்டுக்குப் போனதும், மீன் கூடை ஏற்றியதும், பிணம் சுமந்ததும் இந்த வேன்கள்தான்.

அந்த வேன்கள் இன்று எங்கே? பெரும்பாலும் காயலான் கடை வழியாக உருக்காலைக்குப் போய்விட்டன. கார் வாங்கியவர் அதைக் கொட்டகையில் நிறுத்தினார், ஞாயிற்றுக்கிழமை துடைத்தார், பிள்ளைக்கு விட்டுச்சென்றார். வேன் வாங்கியவர் அதை வைத்துப் பிழைத்தார். வருமானம் தராத நாளில் அதை வைத்திருக்க அவருக்கு இடமும் இல்லை, காரணமும் இல்லை. எவ்வளவு உழைத்ததோ அவ்வளவு சீக்கிரம் போனது. ஊரின் வாழ்க்கையைச் சுமந்த வண்டியே முதலில் அழிகிறது என்பது, பழைய வண்டிகளைக் காப்பது பற்றிய பேச்சில் இன்னும் உரிய இடம் பெறாத செய்தி.

கட்டுமானத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸ் உண்டு. அதன்மேல் பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட்டில் முடுக்கியிருப்பார்கள். பானெட்டும் முன் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். துருப்பிடித்த பகுதியைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டலாம். சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் அரிக்கும். அவற்றையும் தனியாக வெட்டிப் பற்றவைக்கலாம். அம்பாசிடருக்கும் பழைய ஃபியட்டுக்கும் அப்படித் தனிச் சேஸ் கிடையாது. பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டித்தகடு அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே போனதாகக் கணக்கு. 1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசிடருக்கு எஞ்சின் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் கடற்கரை அம்பாசிடர்கள் பல எஞ்சின் நன்றாக ஓடும்போதே செத்தன.

ஒரு நல்ல டிங்கர் அந்தப் பெட்டித்தகட்டை எப்படிக் கையாளுகிறார் என்று பார்ப்பது பழைய வண்டித் தொழிலின் சாரத்தையே பார்ப்பதாகும். முதலில் சிறு சுத்தியால் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீர் என்னும். உள்ளே துரு இருந்தால் சத்தம் அடைத்துக்கொள்ளும். பட்டி பூசி மறைத்த இடத்தில் மொத்தென்று கேட்கும். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினால் பெயின்ட் விரிந்து முனை உள்ளே இறங்கிவிடும். உடனே வெட்ட மாட்டார். கதவு நிற்கும் வாசலில், முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே இரும்புப் பட்டையைப் பற்றவைத்துக் கட்டுவார். அந்தக் கட்டு இல்லாமல் அடித்தகட்டை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு கதவு எந்த நாளும் ஒழுங்காக மூடாது.

வெட்டியபின் தெரிவதுதான் உப்பளத்து வண்டியின் உள்கதை. வெளித்தகட்டில் விரல் அளவு பொத்தல் இருந்த இடத்தில், உள்தகடு கையகலத்துக்கு இல்லாமல் போயிருக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பதால், இரண்டு தகடுகள் ஒட்டும் விளிம்பை அது ஆப்பு வைத்ததுபோல விரித்திருக்கும். நீர் வடிய விட்டிருந்த சிறு துளைகள் மண்ணும் உப்பும் சேர்ந்து அடைபட்டிருக்கும். பெரும்பாலும் சேதத்தின் தொடக்கம் அந்தத் துளைதான். டிங்கர் துருவில்லாத இடம்வரை வெட்டிப்போவார். அரைகுறையாக நிறுத்தி மேலே ஒட்டுப் போட்டால் புதுத் தகட்டையும் பழைய துரு தின்றுவிடும். பிறகு அட்டையில் மாதிரி வெட்டி, தகட்டில் வரைந்து, மடித்து, அடித்து, வளைவைக் கண்ணாலேயே ஒப்பிட்டு உட்காரவைப்பார். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளியும். அதனால் அங்கங்கே புள்ளி வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் புள்ளி வைப்பார். இந்த வேலைக்குப் பாடப்புத்தகம் கிடையாது. மேஸ்திரி கையைப் பார்த்துப் பையன் கற்றது. இன்று பட்டறைகளில் பையன்கள் குறைந்துவருகிறார்கள். நொறுங்கிய பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலைதான் எஞ்சியிருக்கிறது. பழைய வண்டிகளுக்கு இன்றுள்ள மிகப் பெரிய ஆபத்து இதுவே என்று தயங்காமல் சொல்லலாம்.

வந்த துருவை வெட்டுவதைவிட வராமல் தடுப்பது மலிவு. அதற்குத் தமிழ்நாட்டு சர்வீஸ் ஸ்டேஷன்களில் ஒரு பழைய வழக்கம் இருந்தது: தண்ணீர் சர்வீஸ் முடிந்ததும் வண்டியைத் தூக்கி, அடியில் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பது. சாலைத் தூசி ஒட்டிப் பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் எண்ணெய்ப் படலம் மூலைமுடுக்குக்குள் ஊர்ந்து போய் நீரைத் தள்ளிவைக்கும். எண்ணெய் மண்ணில் சொட்டுவது நல்லதில்லை என்பதும் உண்மை. இப்போது அந்தப் பயனுக்கென்றே மெழுகு கலந்த திரவங்கள் கிடைக்கின்றன. தாரைப் போல் தடிமனாகப் பூசும் அண்டர்கோட்டிங்கைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். சுத்தமான புதுத் தகட்டின்மேல் அது காவல். துருவை முழுக்கச் சுரண்டாமல் அதன்மேல் பூசினால், விரிசல் வழியே இறங்கும் உப்புநீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். பளபளவென்று கறுப்பாக இருக்கும் அடிப்பாகத்தைப் பார்த்து மகிழ்ந்து பழைய வண்டியை வாங்குபவர் அங்கே சுத்தியால் தட்டிப் பார்ப்பது நல்லது.

கழுவும் தண்ணீரும் கவனிக்க வேண்டியது. கடற்கரைக் கிராமங்கள் பலவற்றில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதை வைத்துத் தினமும் வண்டியைக் கழுவுபவர் உப்பை எடுப்பதாக நினைத்து உப்பைப் பூசுகிறார். பிடித்துவைத்த மழைநீர் ஒரு குடம் இருந்தால் கடைசி அலசலுக்கு அதுவே போதும். பிளாஸ்டிக் படுதாவால் வண்டியை இறுக மூடுவதும் தவறு. ஈரம் உள்ளேயே வியர்த்து நிற்கும். பக்கவாட்டில் காற்று புகுந்து போகும் கீற்றுக் கொட்டகை எவ்வளவோ மேல். 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேலான காற்றோடு புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தை ஒட்டிக் கரையேறியது. அதுபோன்ற இரவுகளில் கடல்நீர் திவலையாகி உள்நாடு வரை வரும். கார் நனையவில்லை என்று நிம்மதி அடைவதைவிட, மறுநாளே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தை அலசுவதுதான் உதவும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் நின்றபோது, பழைய வார்ப்பு எஞ்சின்களின் வால்வு சீட்டுகள் தேயும் என்ற கவலை வந்தது. கெட்டியான சீட்டுகளைக் கடைந்து போட்டு அதைக் கடந்தார்கள். இப்போது வந்திருப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்து இளக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க், கடற்கரையில் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் அரிக்கும். குழாய்களை மாற்றுவது, டேங்கைக் காலியாக விடாமல் வைப்பது, வாரம் ஒருமுறை எஞ்சின் சூடேறும் அளவுக்கு ஓட்டுவது: பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் வழக்கம் இதுதான்.

ஓட்டிக்கொண்டே இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய சான்று தமிழர் நிலத்தில் இல்லை. ஆனையிறவும் செம்மணியும் உப்பளங்கள். எங்கு நின்றாலும் கடல்நீரேரி தூரமில்லை. துருவுக்கு உகந்த நிலம் அது. அங்கேதான் ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர், ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் கார்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வாடகைக்கு ஓடின. 1970-களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் முதலில் அவற்றை விடாமல் வைத்திருக்கச் செய்தன. 1990-ல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெட்ரோல் நின்றதும், சிறிதளவு பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் காலத்து எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்ததால் அது சாத்தியமாயிற்று. நவீன கார் அதைத் தாங்கியிருக்காது. நோயாளியும் மணப்பெண்ணும் அகதியும் அந்த ஏ40-களில்தான் போனார்கள். பாகம் கிடைக்காத நாட்டில் பட்டறைக்காரர்கள் பாகத்தைச் செய்தார்கள். அந்தக் கார்களைப் பழம்பெருமை என்று யாரும் அன்று பாதுகாக்கவில்லை, தேவை பாதுகாத்தது.

இலங்கைத் தகட்டு வேலையின் திறம் கடல் கடந்தும் போனது. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் சென்டரை நடத்திய சார்ல்ஸ் வேர், 1990-களில் இலங்கையின் ட்யூரபிள் கார் கம்பெனியோடு சேர்ந்து, மைனருக்கான புதிய தகடுகளை அங்கே கையால் அடித்து வரவழைத்தார். பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாடு பிரிட்டன். அதன் பழைய கார்களின் முதல் எதிரியும் உப்பே. அந்த அரிப்பை இலங்கை டிங்கர்கள் சரிசெய்தார்கள். மரக்காணத்தை அடுத்த திண்டிவனம், புதுச்சேரிப் பட்டறைகளுக்கும் இந்தக் கைத்திறன் உண்டு. ஏ40-க்கோ ஹெரால்டுக்கோ அடித்தகடு செய்து விற்பதை ஒரு முறையான தொழிலாக யாராவது எடுத்துச் செய்தால், உள்நாட்டிலேயே வாங்க ஆள் இருக்கும்.

இவ்வளவு தகட்டை மாற்றியபின் எஞ்சுவது எது? இந்தக் கேள்வியை உலகப் பழைய வண்டிக் கழகங்களின் கூட்டமைப்பான ஃபிவா 2010-களின் தொடக்கத்தில் டுரின் சாசனமாக எழுதிவைத்தது. சிற்பத்தையும் கட்டடத்தையும் காப்பவர்களின் நெறியை அது வண்டிக்குக் கொண்டுவந்தது: முடிந்தவரை பழையதை அப்படியே காப்பாற்று, மாற்ற நேர்ந்தால் மாற்றியதைப் பதிவு செய், புதியதைப் பழையதுபோல் ஏமாற்றாதே. மதிப்புக்குரிய நெறி. ஆனால் உலர்ந்த கொட்டகையை மனதில் வைத்து எழுதியது என்பது அதில் தெரிகிறது. உப்பளக் கரையில் பழைய பெயின்டை அப்படியே விடுவதென்றால் அதன் அடியிலிருக்கும் துருவையும் விடுவதே. இங்கே வேலை செய்பவர் வெட்டித்தான் ஆக வேண்டும். அவர் செய்யக்கூடிய நேர்மையான காரியம், வெட்டுமுன் படம் எடுத்துவைப்பதும், மாற்றிய தகட்டின் உட்புறம் தேதி குறிப்பதும், அதே வடிவத்தில் அடிப்பதும்தான்.

தமிழ்நாட்டில் காப்பு முயற்சிகளுக்குக் குறைவில்லை. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் பழைய வண்டிகளைச் சாலைக்குக் கொண்டுவந்து காட்டுகிறது. ஒற்றை பஸ்ஸோடு 1920-ல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் குடும்பம், கோவை அவினாசி சாலையில் 2015-ல் கார் அருங்காட்சியகம் திறந்தது. 2023-ல் வடபழனி ஏவி.எம். ஸ்டூடியோவில் எம்.எஸ். குகனின் சேகரிப்போடு ஒரு அருங்காட்சியகம் வந்தது. எம்.ஜி.ஆரின் 4777 எண் அம்பாசிடர் தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. காமராஜர் பயணம் செய்த எம்.டி.டி. 2727 செவ்ரோலே, நெடுங்காலம் கவனிப்பாரின்றி இருந்து, அண்மையில் புதுப்பிக்கப்பட்டது. எல்லாம் நல்ல காரியங்கள். கண்ணில் படுவது ஒன்றுதான்: நிற்பவை அநேகமாகக் கார்கள், அவற்றிலும் பெரிய மனிதர்களின் கார்கள். பெரியார் வயதான காலத்தில் மூலைமுடுக்கெல்லாம் சுற்றிவந்தது வேனில். ஒரு தலைவரின் பெயரோடு சேர்ந்ததால் அவருடைய வேன் நினைவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் மீன் சந்தைக்கும் ஓடிய ஸ்டாண்டர்டு 20-க்கு அப்படிப்பட்ட பெயர் எதுவும் இல்லை.

சட்டமும் அதே பக்கம் சாய்கிறது. 2021 ஜூலை 15-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழமைவாய்ந்த வண்டிகளுக்கென விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டிப் பதிவு வாங்கலாம். 10 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும். கண்காட்சி, ரேலி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காகச் சாலையில் வரலாம். அன்றாட உபயோகத்துக்குக் கூடாது. அதை விரும்பாதவர் வழக்கமான ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே ஓட்டலாம். 15 ஆண்டு கடந்த காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. முதன்முறையாகப் பழைய வண்டி என்பதற்கு ஒரு தனி அடையாளம் கொடுத்ததற்காக அந்த விதிகளைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அதில் இரண்டு இடங்கள் இந்தக் கரைக்குப் பொருந்தவில்லை. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிலோ பாடிக்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. துருவால் போன தகட்டை அதே வடிவில் மாற்றினால் அது மாற்றமா, பழுதுபார்ப்பா என்று தெளிவாகச் சொல்லவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆய்வு செய்பவரின் கையில் அது விடப்பட்டிருக்கிறது. பிரிட்டன் இதே சிக்கலைச் சந்தித்தபோது வழியைச் சுருக்கமாக எழுதிவிட்டது: 2018 மே முதல் 40 ஆண்டு கடந்த கார்களுக்கும் சிறு வேன்களுக்கும் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு, பெரிய மாற்றம் செய்தால் விலக்கு போய்விடும், ஆனால் மூலத்தின் அதே வடிவில் சேஸையோ பாடிக்கூட்டையோ மாற்றினால் அது பெரிய மாற்றமாகக் கருதப்படாது. இந்த ஒரு வரியை நம் விதியிலும் சேர்த்தால் எண்ணூர் முதல் வேதாரண்யம் வரை பழைய வண்டி வைத்திருப்பவர்கள் துருவை மறைக்காமல் வெட்டுவார்கள். இப்போதைய நிலையில் பட்டி பூசி மறைப்பவருக்குத்தான் ஆய்வு எளிது.

இரண்டாவது, வணிகத்துக்கு ஓடாத சொந்த உபயோகக் கார்களும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே அந்த விதிக்குள் வருகின்றன. சரக்கு வேனுக்கும் வாடகைக்கு ஓடிய வேனுக்கும் இடமில்லை. 1970-களில் வண்டலூரிலிருந்து வெளியே வந்த கெசல் கார்கள் ஒவ்வொன்றாக 50 வயதைத் தொட்டு வி.ஏ. எண் வாங்கும் தகுதி பெற்றுவருகின்றன. அதே வாசலிலிருந்து அதே ஆண்டுகளில் வந்த ஸ்டாண்டர்டு 20 ஒன்று, யாரோ ஒருவரின் கொட்டகையில் தப்பித்துக் கிடந்து, அதை யாராவது தகடு தகடாக மீட்டெடுத்தாலும், சரக்கு வண்டியாகப் பதிவானது என்ற ஒரே காரணத்தால் அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியாது.